படம் ஓடிய பிறகு வீடு: ராமநாதபுரம் கரையிலிருந்து நடிக்கப் போகிறவர்களுக்கும் வீட்டாருக்கும்

படம் ஓட ஆரம்பித்ததும் நடிகருக்கு ஊர்ப்பக்கம் வர நேரமிருக்காது. பேட்டி, தியேட்டர் விசிட், அடுத்த கதை என்று நாள் சென்னையிலேயே போய்விடும். தேடி வருகிறவர்கள் வந்து நிற்பது தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ இருக்கிற வீட்டு வாசலில். கதவைத் திறப்பது அம்மா, இல்லாவிட்டால் கைக்குழந்தையோடு மனைவி. அதனால் இந்தக் குறிப்பில் பாதி நடிகருக்கு, பாதி வீட்டாருக்கு. டப்பிங் முடிந்து ரிலீஸ் தேதிக்குக் காத்திருக்கும் இரண்டு மூன்று மாதம்தான் இதையெல்லாம் உட்கார்ந்து பேச ஏற்ற நேரம். ரிலீசுக்குப் பிறகு யாருக்கும் காது கேட்காது.

கிளம்பும் முன்

பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன் குழந்தை நட்சத்திரமாக வந்தார். கீழக்கரைக்காரரான ராஜ்கிரண் விநியோகமும் தயாரிப்பும் பார்த்துவிட்டுத்தான் நாயகனானார். முதுகுளத்தூர்ப் பக்கத்து இளஞ்செம்பூர் செந்தில் நாடகத்தில் நின்று வந்தவர். ஒரே மாவட்டம், மூன்று வழி. ஆகவே "இப்படித்தான் போகணும்" என்று யாராவது காசு கேட்டுச் சொன்னால் நம்ப வேண்டாம்.

பயிற்சி வேண்டும் என்றால் மேடைதான் முதல் இடம். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து சினிமாவுக்குப் போனவர்கள் பலர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் நாடகம் படிக்கலாம். டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் படிப்பு மூன்று ஆண்டு. பட்டமும் நாடக அனுபவமும் கேட்பார்கள்.

அறை வாடகை, சாப்பாடு, பேருந்து, போட்டோ எல்லாம் சேர்த்து மாதம் 15,000 ரூபாய் என்று போட்டு, 12 மாதத்துக்கு உள்ள பணத்தோடு கிளம்புங்கள். மூன்று மாதப் பணத்தோடு போகிறவர்கள் நாலாவது மாதம் கைக்கு வந்த எந்த வேடத்தையும் எந்தச் சம்பளத்துக்கும் ஒப்புக்கொள்கிறார்கள். அங்கேதான் பாதை கோணுகிறது.

போட்டோ மூன்று போதும்: முகம் நேராக, பக்கவாட்டில், முழு உருவம். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் எடுங்கள். அறிமுக வீடியோ ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும்: பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த வேலைகள். நாட்டுப்படகு ஓட்டத் தெரியும், நீந்தத் தெரியும், வலை இழுக்கத் தெரியும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். கடல் காட்சிக்கு ஆள் தேடும் உதவி இயக்குநருக்கு வேண்டியது அதுதான். ஊர்ப் பேச்சை மாற்றிக்கொள்ளாதீர்கள். அதோடு பொதுத் தமிழையும் பழகி வைத்துக்கொள்ளுங்கள். கரைப் பேச்சு மட்டும் தெரிந்தவருக்கு மீனவர் வேடமே திரும்பத் திரும்ப வரும்.

ஆடிஷனுக்குக் காசு கிடையாது. பதிவுக் கட்டணம், உறுப்பினர் அட்டைக் கட்டணம், "போர்ட்ஃபோலியோ நாங்களே எடுப்போம்" என்றெல்லாம் கேட்டால் அது ஆடிஷனே இல்லை. தயாரிப்பு நிறுவனத்தின் அலுவலகத்துக்கு நேரில் போய் விசாரியுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போய்விடும்.

ஷூட்டிங் ஊருக்கே வந்தால்

தனுஷ்கோடியிலும் பாம்பனிலும் படப்பிடிப்பு நடக்கும்போது கரை ஆட்களைக் கூட்டத்துக்கு எடுப்பதுண்டு. சில சமயம் ஒரு பிள்ளைக்கு வசனமும் கொடுத்துவிடுவார்கள். பெரியவர்கள் என்றால் அன்றன்றைய கூலியை அன்றே வாங்குவதோடு விஷயம் முடிந்தது. பிள்ளைகளுக்குச் சட்டம் வேறு. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது; 3 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு தர வேண்டும். தொடர்ந்து 27 நாளைத் தாண்டக் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியைத் தயாரிப்பாளர்தான் வாங்க வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். இதைக் கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்று பெற்றோர் தயங்குவார்கள். ஒழுங்கான கம்பெனியில் இந்தத் தாள்கள் ஏற்கெனவே தயாராக இருக்கும்.

ஒப்பந்தத் தாள்

வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை: எத்தனை நாள் கால்ஷீட், எந்த மாதத்துக்குள், நாள் கூடினால் என்ன கணக்கு, தாடி, முடியை எவ்வளவு காலம் அப்படியே வைத்திருக்க வேண்டும், விளம்பரத்துக்கு எத்தனை நாள் வர வேண்டும், கடலில் எடுக்கும் காட்சிக்குக் காப்பீடும் உயிர் காக்கும் படகும் உண்டா, உங்கள் குரலையும் முகத்தையும் கணினியில் உருவாக்கிப் பயன்படுத்த அனுமதி கேட்கிறார்களா. "அடுத்த மூன்று படமும் எங்களுக்கே" என்ற வரி இருந்தால் அந்த மூன்று படத்தின் சம்பளமும் கெடு தேதியும் அதே தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

பாக்கி நிற்கும் இடம் எப்போதும் டப்பிங்தான். கடைசித் தவணை "ரிலீசுக்கு முன்" என்று இருந்தால் ரிலீஸ் தள்ளிப்போகும்போது பணமும் தள்ளிப்போகும். "டப்பிங் முடிக்கும் முன்" என்று எழுதி வாங்குங்கள். குரல் பதிவான பிறகு உங்கள் கையில் பிடிமானம் எதுவும் மிஞ்சாது.

அட்வான்ஸ் விஷயம் கரை ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. விசைப்படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கிய ஆள் அதை அடைக்காமல் வேறு படகில் ஏற முடியாது; இங்கேயும் அதே கதைதான். முதல் படம் ஓடிய வாரத்தில் நாலைந்து பேர் கவர் கொண்டு வருவார்கள். வீட்டுச் செலவுக்காக ஒன்றை வாங்கிவிட்டால், கதை பிடிக்காமல் போகும்போது திருப்பிக் கொடுக்கக் கையில் இருக்காது. இரண்டுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

25 லட்சம் என்றால் எவ்வளவு

ஊரில் கணக்கு ஒரே வரிதான்: "அவனுக்கு இருபத்தஞ்சு லட்சமாம்." இந்தக் கணக்கை வீட்டார் முன்னாலேயே தாளில் போட்டுக் காட்டுங்கள்.

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். நடிப்புக்கு 18 சதவீதம். ஒப்பந்தத்தில் "ஜிஎஸ்டி தனி" என்று இல்லாமல் "எல்லாம் சேர்த்து 25 லட்சம்" என்று எழுதியிருந்தால், அதில் ஏறத்தாழ 3.81 லட்சம் வரியாகப் போய்விடும். மீதி 21.19 லட்சத்தில் 10 சதவீத டிடிஎஸ் (கம்பெனியே பிடித்துக் கட்டும் வருமான வரி) 2.12 லட்சம். மேனேஜருக்கு 10 சதவீதம் பேசியிருந்தால் இன்னொரு 2.12 லட்சம். கைக்கு வருவது 17 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்த படத்தின் பணம் வர ஒன்றரை ஆண்டு ஆனால், மாதத்துக்கு 94,000 ரூபாய். அதிலும் சென்னை வாடகை, ஜிம், உடை, போக்குவரத்து உண்டு. டிடிஎஸ்ஸில் ஒரு பகுதி கணக்குத் தாக்கல் செய்தபின் திரும்பலாம், ஆனால் அது அடுத்த ஆண்டுக் கதை. பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும்.

முதல் பணத்தில் செய்ய வேண்டியது: அடகில் இருக்கும் நகையை மீட்பது, வட்டிக்கு வாங்கிய கடனை அடைப்பது, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1.20 லட்சம், இனி அந்த அட்டையை நம்பி இருக்க முடியாது. பிறகு 12 மாத வீட்டுச் செலவை வைப்பில் போடுங்கள். வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான், ஆகவே பிரித்துப் போடுவது நல்லது.

செய்யக் கூடாதது, அப்பாவுக்கு விசைப்படகு வாங்கிக் கொடுப்பது. ஆசை நியாயமானதே. ஆனால் டீசல், ஆள் முன்பணம், வலை என்று அது மாதாமாதம் பணம் கேட்கும். இலங்கைக் கடற்படையிடம் சிக்கினால் படகு திரும்பாமலே போகலாம். இரண்டாவது படத்தின் பணம் முழுதாக வந்த பிறகு யோசிக்கலாம்.

வாசலில் நிற்கும் கூட்டம்

ராமேசுவரம் பக்கத்து வீடு என்றால் ஒரு தனித் தொல்லை உண்டு. தீர்த்தமாட வந்தவர்களை ஆட்டோக்காரர்களே "இதுதான் அவர் வீடு" என்று கூட்டி வந்துவிடுவார்கள். ஸ்டாண்டில் போய்ப் பேச வேண்டியது நடிகர் இல்லை, அந்த ஆட்களைத் தெரிந்த சித்தப்பாவோ மச்சானோ. நயமாகச் சொன்னால் கேட்பார்கள். வீட்டு வேலியைத் தாண்டி உள்ளே யாரையும் விடாதீர்கள். படம் எடுப்பதெல்லாம் தெருவில்.

வெளியாட்களிடம் பேச வீட்டில் ஒரே ஒருவர் இருக்கட்டும். அவருக்கென்று தனி எண் வாங்குங்கள். அம்மா, மனைவி எண்கள் யாருக்கும் போகக் கூடாது. யூடியூப்காரர்கள் மைக்கோடு வந்தால் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றுதான்: "தம்பிகிட்ட கேட்டுட்டுச் சொல்றோம்." சின்ன வயதில் சோற்றுக்குக் கஷ்டப்பட்ட கதையை ஒருமுறை சொல்லிவிட்டால் அதையே நூறு சேனல் போடும். பிள்ளைகளின் படத்தைப் போடுவதா வேண்டாமா என்ற முடிவு மனைவி கையில். சீருடையும் பள்ளிப் பெயரும் தெரியும் படம் எதுவும் வேண்டாம். வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லி வையுங்கள், பிள்ளையை மேடையேற்றி "அப்பா மாதிரி பேசிக்காட்டு" என்று கேட்காமல் இருக்க.

நன்கொடை கேட்டு ஊர்த் திருவிழாக்காரர், சர்ச், ஜமாஅத், விளையாட்டுக் குழு, படகுச் சங்கம் எல்லாரும் வருவார்கள். ஆண்டுக்கு இவ்வளவு என்று தொகையை வைத்து ஊர்த் தலைவர் வழியாக ஒரே தடவையில் கொடுத்துவிடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் யாருக்கு எவ்வளவு என்ற ஒப்பீடு கிளம்பும். உறவுக்காரர் கடன் கேட்டால் கொடுக்க முடிந்ததைத் திரும்பாது என்று நினைத்தே கொடுங்கள். மறுப்பது நடிகரின் வேலை. மனைவியை மறுக்கச் சொன்னால் "வந்தவள்தான் மாத்திட்டா" என்ற பேச்சு அவர் தலையில் விழும்.

சாதி அமைப்புகளும் கட்சிகளும் அழைப்போடு வருவார்கள். போவதும் போகாததும் உங்கள் முடிவு. ஆனால் யார் மேடை, யார் படம் போட்ட பேனர் என்று தெரியாமல் ஏறாதீர்கள். செப்டம்பர் 11 (இமானுவேல் சேகரன் நினைவு நாள்), அக்டோபர் 30 (தேவர் ஜெயந்தி) இரண்டையும் ஒட்டி மாவட்டத்தில் வாகனத்துக்கும் கூட்டத்துக்கும் கட்டுப்பாடு இருக்கும். சொந்த வேலையாக ஊருக்கு வருவதை அந்த வாரங்களில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

படத்தில் முத்தக் காட்சி இருந்தால், அடி வாங்கிச் சாகும் காட்சி இருந்தால், ரிலீசுக்கு முன் வீட்டில் சொல்லிவிடுங்கள். மனைவிக்குத் தனியாக, அம்மாவுக்குத் தனியாக. மேளத்தோடு போன தியேட்டரில், ஊரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது முதல்முறை பார்க்க வைப்பது கொடுமை.

நாட்காட்டி

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுக் குடும்பங்களில் ஆண்கள் கரையில் இருக்கும் காலம் அது. மே மாதம் பள்ளி விடுமுறையும் கூட. கால்ஷீட் கொடுக்கும்போதே மே மாதத்தில் பத்து நாளை மேனேஜரிடம் அடித்துவிடச் சொல்லுங்கள். தீபாவளியைவிட இந்தப் பத்து நாள் முக்கியம், ஏனென்றால் அப்பா, அண்ணன், பிள்ளை மூவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது அப்போதுதான்.

சென்னையிலிருந்து இரவு ரயிலில் 11, 12 மணி நேரம். முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும். ஷூட்டிங் தேதியோ அதற்குள் இரண்டு தடவை மாறும். மதுரைக்கு விமானத்தில் வந்தால் அங்கிருந்து ராமேசுவரம் சாலையில் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஒன்றரை நாள் லீவில் வருவது வீட்டாருக்கு ஆறுதலைவிட அலைச்சலே. குறைந்தது மூன்று நாள் கிடைத்தால் வாருங்கள், அதில் முதல் நாள் யாரையும் பார்க்காதீர்கள்.

வீட்டு ஆள் யாராவது கடலில் கைதானால் செய்தியாளர்கள் முதலில் நடிகரைத்தான் அழைப்பார்கள். அப்போது பேச வேண்டியது படகுச் சங்கம். விவரம் மீன்வளத் துறை வழியாகப் போகட்டும். கோபத்தில் நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம் அக்கரைச் சிறையில் இருப்பவரின் வழக்குக்கு உதவாது.

குடும்பத்தைச் சென்னைக்குக் கூட்டிப் போவதா என்ற கேள்வி முதல் மாதமே வரும். இரண்டாவது படத்தின் இரண்டு தவணையாவது கணக்கில் ஏறும்வரை வேண்டாம். மனைவிக்கு ஊரில் வேலை இருந்தால், அது டீச்சர் வேலையோ பாசி எடுப்பதோ மீன் ஏலமோ, அதை விடச் சொல்வதற்கு முன் அவருடைய மாத வரவைத் தாளில் எழுதிப் பாருங்கள். போவது என்று முடிவானால் பள்ளி டி.சி.யை மே மாதத்திலேயே வாங்கிவிடுங்கள். வீடு பிள்ளையின் பள்ளிக்குப் பக்கத்தில் பாருங்கள், ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் அல்ல. ஸ்டுடியோவுக்குக் கம்பெனி வண்டி அனுப்பும்.