டென்னிஸ் போட்டியை நேரில் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

முதல் செட் 6–5 என்று இருந்தபோது காபி வாங்க எழுந்து போனேன். ஆட்டக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற ஊழியரும் தடுக்கவில்லை. சரி, இரண்டு நிமிடத்தில் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். திரும்பி வந்தால் படிக்கட்டின் அடியில் கயிறு கட்டியிருந்தது. உள்ளே ஆறுக்கு ஆறு ஆகி, செட் யாருக்கு என்று முடிவு செய்யும் டை-பிரேக் தொடங்கியிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததெல்லாம் ஒரு துண்டு வானமும், வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் செருப்புகளும்தான். பந்து அடிபடும் சத்தம் கேட்கும், ஒரு நொடி அமைதி, அப்புறம் கூட்டத்தின் 'ஓ!'. அந்த 'ஓ' யாருக்கு விழுந்தது என்றே தெரியாமல், அன்றைய ஆட்டத்தின் மிகச் சிறந்த இருபது புள்ளிகளைக் காதால் பார்த்தேன். காபியும் ஆறிவிட்டது.

தவறு என்னுடையதுதான். தொலைக்காட்சியில் வருஷக்கணக்காகப் பார்த்திருந்தும், ஆட்டம் எப்போது நிற்கும், எப்போது நிற்காது என்பதைக் கவனித்ததே இல்லை. நேரில் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் வருகின்றன.

எப்போது எழுந்திருப்பது

புள்ளிகள் சேர்ந்தால் கேம், கேம்கள் சேர்ந்தால் செட். ஒற்றைப்படை கேம்கள் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் பக்கம் மாறுவார்கள். ஒவ்வொரு செட்டிலும் முதல் கேமுக்குப் பிறகு மாறுவார்கள், ஆனால் உட்காரமாட்டார்கள். அதை நம்பிக் கிளம்பாதீர்கள். மூன்றாவது கேமிலிருந்து 90 வினாடி ஓய்வு உண்டு, செட் முடிந்தால் 120 வினாடி. டை-பிரேக்கில் ஆறு புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாறினாலும் ஓய்வு கிடையாது. நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

பொதுவாக இந்த ஓய்வு நேரத்தில்தான் பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள். மேல் அடுக்குகளில் கொஞ்சம் தளர்வு இருக்கும், கீழ் வரிசைகளில் இருக்காது. ஆஸ்திரேலிய ஓப்பனில் 2024 முதல் ஒவ்வொரு கேம் முடிந்ததும் நுழையலாம் என்று மாற்றினார்கள். எல்லாப் போட்டிகளிலும் அப்படி இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

என் வழக்கம் இப்போது இதுதான்: ஸ்கோர் 2–1 அல்லது 3–2 ஆகும்போது எழுந்து போவது, அடுத்த ஓய்வில் திரும்புவது. இழப்பு இரண்டு கேம்தான். செட் முடிந்ததும் போகலாமே என்று தோன்றும். மொத்த அரங்கமும் அப்போதுதான் எழும், கழிப்பறை வரிசையைப் பார்த்தால் தெரியும். 5–4, 6–5 என்றால் தாகமோ பசியோ, உட்கார்ந்தே இருங்கள்.

சத்தம் போடுவதற்கும் ஒரு நேரம் உண்டு

டென்னிஸில் அமைதி கேட்பது ஏதோ பெரிய மனிதர்களின் பழைய பழக்கம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் ஆட்டக்காரருக்குக் காதும் ஒரு கருவி. எதிராளியின் மட்டை நரம்பில் பந்து படும் ஒலியை வைத்தே, அடி நடுவில் விழுந்ததா, ஓரத்தில் பட்டதா, பந்தைச் சீவி அடித்தாரா என்று ஊகிக்கிறார்கள். மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டி வரும் சர்வ், அதாவது புள்ளியைத் தொடங்கும் அடி, அரை வினாடியை ஒட்டி எதிர்ப்பக்கம் வந்துவிடும். அந்த நேரத்தில் கிடைக்கும் எந்தத் தகவலும் வீணில்லை.

இன்னொன்று: தொடர்ந்து கேட்கும் இரைச்சல் அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. 23,000-க்கும் மேற்பட்டோர் உட்காரும் நியூயார்க்கின் ஆர்தர் ஆஷ் அரங்கம் எப்போதும் தேனீக் கூடு மாதிரி முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், ஆட்டமும் நடக்கும். அமைதிக்கு நடுவே திடீரென்று எழும் ஒற்றைச் சத்தம்தான் ஆளை உலுக்குகிறது. 2023-ல் விம்பிள்டன் நடுவர் ஒருவர், சர்வ் போடப் போகும் நேரத்தில் சாம்பேன் பாட்டிலைத் திறக்காதீர்கள் என்று கூட்டத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கைப்பேசியை அமைதியில் போட்டுவிட்டேன் என்பவர்கள் அலாரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல கைப்பேசிகளில் அது தனி ரகம், அமைதியில் போட்டாலும் அலறும்.

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் தடுமாறுவது முதல் சர்வுக்கும் இரண்டாவது சர்வுக்கும் இடையில். முதல் சர்வ் வலையில் விழுந்ததும் 'பரவாயில்லை, அடுத்தது போடு!' என்று கத்தத் தோன்றும். அன்பு புரிகிறது, ஆனால் புள்ளி இன்னும் முடியவில்லை. இரண்டாவது சர்வ்தான் பயத்தோடு போடுவது, அதற்குத்தான் அமைதி கூடுதலாக வேண்டும். இரண்டு சர்வும் தவறிப்போகும் டபுள் ஃபால்ட்டுக்குக் கைதட்டுவதும் அப்படித்தான். சட்டமெல்லாம் இல்லை, ஆனால் பக்கத்து சீட்காரர் உங்களைத் திரும்பிப் பார்க்கும் விதம் பிடிக்காது.

கத்துவதற்கு நேரமே இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. ஒரு புள்ளி முடிந்து அடுத்த சர்வ் வரை 25 வினாடி ஓடும், கோர்ட் ஓரத்தில் கடிகாரமே வைத்திருப்பார்கள். முதல் பத்துப் பதினைந்து வினாடி உங்களுடையது. சர்வ் போடுகிறவர் பந்தைத் தரையில் தட்ட ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். 2024 பிரெஞ்சு ஓப்பனில் இகா ஸ்வியாடெக், மேட்ச் பாயிண்ட்டிலிருந்து (இன்னும் ஒரு புள்ளியில் ஆட்டமே முடிந்துவிடக்கூடிய நிலை) தப்பி நவோமி ஒசாகாவை வென்ற பிறகு, மைக்கைப் பிடித்துக் கூட்டத்திடம் கேட்டுக்கொண்டதும் இதைத்தான்: பந்து மாறி மாறிப் போகும் ரேலியின் நடுவிலும், சர்வைத் திருப்பி அடிக்கும் நேரத்திலும் கத்தாதீர்கள் என்று. அதே ஆண்டு அங்கே, பார்வையாளர் ஒருவர் தன் மீது சூயிங்கம் துப்பியதாக டேவிட் காஃபின் சொன்னார். அதற்குப் பிறகு இருக்கைகளில் மதுவுக்குத் தடை போட்டார்கள்.

டேவிஸ் கோப்பை மாதிரி நாட்டுக்கு நாடு மோதும் போட்டிகளில் கதை கொஞ்சம் வேறு. மேளம், பாட்டு, கொடி எல்லாம் உண்டு, திருவிழா மாதிரிதான் இருக்கும். ஆனால் அங்கேயும் பந்து ஆட்டத்தில் இருக்கும்போது மேளம் நிற்க வேண்டும்.

'அவுட்!' என்று மட்டும் கத்தாதீர்கள். ஆட்டக்காரர் அதைக் கோட்டு நடுவரின் குரல் என்று நினைத்து நின்றுவிட்டால், புள்ளியைத் திரும்ப ஆடச் சொல்வார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. போதாததற்கு, பக்கவாட்டு சீட்டிலிருந்து பார்த்து நீங்கள் சொல்லும் 'அவுட்' பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். ஆஸ்திரேலிய ஓப்பனில் 2021 முதல், விம்பிள்டனில் 2025 முதல் கோட்டைக் கேமராக்கள்தான் பார்க்கின்றன. பிரெஞ்சு ஓப்பனில் இன்னும் மனிதர்கள். நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கிவந்து செம்மண்ணில் பந்தின் தடத்தைக் குனிந்து பார்ப்பதே ஒரு காட்சி, அதைத் தவறவிடாதீர்கள்.

தப்பான நேரத்தில் வைக்கும் ஓர் அடி என்ன செய்யும் என்பதற்கு 2025 அமெரிக்க ஓப்பன் ஒரு பாடம். மெத்வதேவுக்கு எதிராக பெஞ்சமின் போன்சி மேட்ச் பாயிண்ட்டில் நிற்கிறார். முதல் சர்வ் தவறிவிட்டது. அப்போது ஒரு புகைப்படக்காரர் கோர்ட்டுக்குள் காலெடுத்து வைத்தார். நடுவர் முதல் சர்வை மீண்டும் போடச் சொன்னார், மெத்வதேவ் கொதித்தார், கூட்டம் ஆறு நிமிடத்துக்கு மேல் ஊளையிட்டது. மூன்றாவது செட்டில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டம் ஐந்து செட் போய், கடைசியில் போன்சிதான் வென்றார்.

டிக்கெட்டும் சீட்டும்

பிடித்த ஆட்டக்காரரை நம்பி மாதங்களுக்கு முன்பே ஒரு குறிப்பிட்ட நாளுக்கு டிக்கெட் வாங்குவது சூதாட்டம். யார், எந்த கோர்ட்டில், எத்தனையாவது ஆட்டம் என்பது முந்தின நாள்தான் வெளியாகும். அவர் அதற்குள் தோற்றும் போயிருக்கலாம்.

கிராண்ட் ஸ்லாம் (ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்க ஓப்பன்கள், விம்பிள்டன்) முதல் வாரம் என்றால், பெரிய அரங்கத்துக்குத்தான் போவேன் என்று அடம்பிடிக்காதீர்கள். வளாக அனுமதி டிக்கெட்டில் சின்ன கோர்ட்டுகளுக்குப் போகலாம். அங்கே ஆட்டக்காரர் மூச்சு வாங்குவது கேட்கும், ஷூ கிறீச்சிடுவது கேட்கும். 2010-ல் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹுத்தும் மூன்று நாளில் 11 மணி 5 நிமிடம் ஆடி, கடைசி செட் 70–68 என்று முடிந்ததே, அது நடந்தது விம்பிள்டனின் 18-ம் எண் கோர்ட்டில். ஆயிரம் பேர்கூட உட்கார முடியாத இடம் அது. பயிற்சி கோர்ட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். பெரிய ஆட்டக்காரர்களை அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நிதானமாக வேறெங்கும் பார்க்க முடியாது.

நேரக் கணக்கும் இங்கே வேலைக்கு ஆகாது. 2025 விம்பிள்டன் பெண்கள் இறுதிப்போட்டி 57 நிமிடத்தில் 6–0, 6–0 என்று முடிந்தது. அதே ஆண்டு பிரெஞ்சு ஓப்பன் ஆண்கள் இறுதிப்போட்டியில் அல்கராஸும் சின்னரும் 5 மணி 29 நிமிடம் ஆடினார்கள். 2008-ல் மெல்போர்னில் ஹெவிட்–பாக்தாதிஸ் ஆட்டம் முடிந்தபோது மணி அதிகாலை 4.34. இரவு ஆட்டத்துக்குப் போகிறவர்கள் கடைசி ரயிலை நம்பாமல், திரும்பும் வழியை முன்பே யோசித்து வைக்க வேண்டும். விம்பிள்டனில் இரவு 11 மணிக்கு ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள், மிச்சம் மறுநாள்தான்.

சீட் விஷயத்தில், கோர்ட்டுக்கு நெருக்கம் என்றால் நல்லது என்ற எண்ணம் பாதிதான் சரி. வலைக்கு நேராகப் பக்கவாட்டில், கீழ் வரிசையில் உட்கார்ந்தால் பந்தின் வேகம் மிரட்டும், ஆனால் மூன்றாவது செட்டில் கழுத்து கெஞ்சும். ஆழமும் தெரியாது, எல்லாப் பந்தும் கோட்டில் விழுந்த மாதிரியே இருக்கும். கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்தால் எந்த மூலை காலியாகிறது, பந்து எப்படி வளைகிறது எல்லாம் விரித்து வைத்தது மாதிரி தெரியும். என்னைக் கேட்டால் அங்கேதான் உட்காருவேன். ஆட்டக்காரர் கண்ணில் வெயில் அடிக்காமலிருக்க, திறந்தவெளி கோர்ட்டுகளைப் பெரும்பாலும் வடக்கு தெற்காகப் போடுவார்கள். அதனால் கிழக்குப் பக்கம் உட்காருகிறவர்களுக்குத்தான் பிற்பகல் வெயில் முகத்தில் விழும். பகல் ஆட்டம் என்றால் மேற்குப் பக்கம் தேடுங்கள். தொப்பியின் விளிம்பு பின்னால் இருப்பவரை மறைக்காத அளவில் இருக்கட்டும். பையின் அளவையும் முன்கூட்டியே பாருங்கள். விம்பிள்டனில் 40×30×30 சென்டிமீட்டர்தான் எல்லை.

பந்தும் தொப்பியும்

ஆட்டத்தின் நடுவில் பந்து உங்களிடம் வந்து விழுந்தால் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆறு பந்துகளைச் சேர்த்துத்தான் சுழற்சியில் ஆடுகிறார்கள். முதல் தடவை ஏழு கேமுக்குப் பிறகும், அப்புறம் ஒன்பது கேமுக்கு ஒருமுறையும் மொத்தமாக மாற்றுவார்கள். ஒன்று காணாமல் போனால், அதே அளவு தேய்ந்த ஒன்றைத் தேட வேண்டும். புள்ளி முடிந்ததும் பந்து பொறுக்கும் சிறுவர்களிடம் போடுங்கள். வென்றவர் கடைசியில் காலரிக்கு அடித்துவிடும் பந்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதையும் குழந்தைகளின் கையிலிருந்து பிடுங்காமல். 2025-ல் நியூயார்க்கில் ஒரு போலந்து ஆட்டக்காரர் சிறுவன் ஒருவனுக்கு நீட்டிய தொப்பியைப் பக்கத்திலிருந்த பெரியவர் பறித்துக்கொண்டது உலகம் முழுக்க ஓடியது. ஆட்டக்காரர் பிறகு அந்தச் சிறுவனைத் தேடிப்பிடித்து வேறு தொப்பி கொடுத்தார்.

கண் எங்கே இருக்க வேண்டும்

கைப்பேசித் திரை வழியாகப் பார்ப்பது தப்பு என்று உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். அதைவிட நுட்பமான தவறு, பந்தையே துரத்திக்கொண்டிருப்பது. பந்தைக் காட்ட தொலைக்காட்சி போதும். நேரில் ஒரு முழு கேமுக்கு ஒரே ஆட்டக்காரரை மட்டும் பாருங்கள். எதிராளி அடிக்கப்போகும் கணத்தில் அவர் லேசாகத் துள்ளி இரண்டு காலிலும் இறங்குவது, அடித்து முடித்த நொடியே நடுவுக்கு ஓடித் திரும்புவது, கஷ்டமான புள்ளிக்குப் பிறகு துண்டைத் தேடி நடப்பது. 2025 முதல் பயிற்சியாளர் ஓரத்திலிருந்து ஆலோசனை சொல்வதும் விதிப்படியே அனுமதி, அந்தப் பக்கமும் ஒரு கண் வையுங்கள்.

ஒற்றையர் ஆட்டம் முடிந்ததும் கிளம்பிவிடுவது கடைசித் தவறு. அடுத்து இரட்டையர் இருந்தால் உட்காருங்கள், அரங்கம் பாதி காலியாகும். சர்வ் போடுகிறவருக்குப் பின்பக்கம் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. வலையோரம் நிற்கும் கூட்டாளி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், விரல்களை மடக்கியும் நீட்டியும் தன் திட்டத்தைச் சொல்வார். எதிர்ப்பக்கத்து இருவருக்கும் அது தெரியாது, உங்களுக்குத் தெரியும்.