‘குரங்கின் பாதம்’ கதையில் முன்னறிகுறியும் குறியீடும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் ‘குரங்கின் பாதம்’ 1902-இல் வெளிவந்த திகில் சிறுகதை. மூன்றே பகுதிகள், ஒரே அமர்வில் படித்துவிடலாம். மூன்று வேண்டுதல்களை நிறைவேற்றும் மந்திரக் குரங்குப் பாதம் ஒன்றை, இந்தியாவிலிருந்து திரும்பிய ராணுவ நண்பர் மாரிஸ் வைட் குடும்பத்துக்குக் காட்டுகிறார். முதல் வேண்டுதலில் பணம் வருகிறது, மகனின் சாவோடு. தாய் வற்புறுத்த, மகனை உயிரோடு கேட்கிறார் தந்தை. இரவில் கதவு தட்டப்படுகிறது, மூன்றாவது வேண்டுதலோடு கதை முடிகிறது. ஆனால் அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் தொடக்கத்திலேயே தடுக்கி விழுகிறார்கள்: “பாதம் பேராசையின் குறியீடு.”

கதை அப்படிச் சொல்லவில்லை. வேண்டியதெல்லாம் தன்னிடம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது என்கிறார் முதியவர் வைட். வீட்டுப் பாக்கியைத் தீர்க்க 200 பவுண்டு கேட்கலாமே என்று யோசனை சொல்பவன் மகன் ஹெர்பர்ட். பாதத்துக்கு மந்திரம் ஏற்றிய பக்கிரியின் நோக்கத்தையும் சார்ஜென்ட் மேஜர் மாரிஸ் சொல்லிவிடுகிறார்: மனித வாழ்வை ஆள்வது விதி, அதில் குறுக்கிடுபவர் துயரப்படுவார் என்று காட்டவேண்டும். விதியில் கைவைப்பது பற்றிய கதை. மந்திரப் பொருளும் ஒரு கை. உங்கள் விளக்கம் அங்கிருந்து கிளம்பட்டும். பேராசை என்று எழுதினால், வீட்டுப் பாக்கியை நினைத்துத் தயங்கித் தயங்கிக் கேட்ட ஒரு சாதாரண மனிதருக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்ற கேள்வியே எழாமல் போய்விடும். கதையின் கொடுமையே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இருண்டதையெல்லாம் முன்னறிகுறி என்று எழுதுவது அடுத்த தவறு. வெளியே குளிர், மழை, காற்று என்பது சூழல் வருணனை. பின்னால் நடக்கும் ஒன்றோடு பொருந்தும் இணை இருந்தால்தான் அது முன்னறிகுறி. சதுரங்க ஆட்டத்தைப் பாருங்கள். தந்தை தன் ராஜாவைத் தேவையே இல்லாத ஆபத்தில் நிறுத்துகிறார். தவறு கைமீறிய பிறகே அவர் கண்ணில் படுகிறது. மகன் அதைக் கவனிக்காதிருக்கக் காற்றின் இரைச்சலைப் பற்றிப் பேச்சை மாற்றுகிறார். சிறிது நேரத்தில் இதே மனிதர், மாரிஸ் நெருப்பில் எறிந்த பாதத்தை, அது எரிந்துபோகட்டும் என்று எச்சரித்தும் கேளாமல், எடுத்துக்கொள்கிறார். தேவையற்ற ஆபத்து, காலங்கடந்த உணர்வு என்ற இரண்டும் அப்படியே திரும்பி வருகின்றன. “சதுரங்கம் வாழ்வா சாவா போராட்டம்” என்ற பொத்தாம்பொதுவான வரி இதில் எதையும் தொடுவதில்லை. அதேபோல ராஜா யார், ராணி யார் என்று காய்களுக்கு ஆள் ஒதுக்கவும் வேண்டாம். அதற்கு வாசகத்தில் ஆதாரமில்லை.

மாரிஸின் முகம் வெளுப்பதையும் கோப்பை அவர் பல்லில் தட்டுவதையும் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். தவறவிடுவது ஹெர்பர்ட்டின் கேலிகளை. அந்தப் பணத்தைத் தான் பார்க்கப்போவதே இல்லை என்று பந்தயம் கட்டுகிறான். அது எழுத்துக்கு எழுத்து பலிக்கிறது. பணம் எப்படி அப்பாவுக்குத் தீங்கு செய்யும் என்று அம்மா கேட்க, வானத்திலிருந்து தலையில் விழலாம் என்கிறான். அன்றே அவன் இயந்திரத்தில் சிக்கி இறக்கிறான். ஆனால் “இதைப் படித்ததும் அவன் சாவான் என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது” என்று எழுதாதீர்கள். முதல் வாசிப்பில் அது வெறும் கிண்டல். இரண்டாம் வாசிப்பில்தான் குளிர் ஏறுகிறது. எந்த வாசிப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிவிடுங்கள்.

எல்லாம் தற்செயல் என்று தோன்றும்படி இயல்பாகவே நடக்கும் என்று மாரிஸ் சொன்னதை முதியவர் நினைவுகூர்வதும் முக்கியம். பிறகு வருவது ஆலை விபத்து. நிறுவனம் பொறுப்பேற்க மறுத்துவிட்டு இழப்பீடாகத் தருவது 200 பவுண்டு. “பாதம் ஹெர்பர்ட்டைக் கொன்றது” என்று அறுதியிட்டு எழுதினால், ஆசிரியர் திறந்தே வைத்த கதவை நீங்கள் அடைக்கிறீர்கள்.

குறியீட்டுக்கு ஒரு சோதனை: அந்தப் பொருள் திரும்பத் திரும்ப வந்து, வரும்போதெல்லாம் நிலை மாறுகிறதா? வெளிச்சம் இதில் தேறுகிறது. முதலில் கொழுந்துவிட்டெரியும் கணப்பு. இரவில் அதன் அணையும் தணலில் ஹெர்பர்ட்டுக்குக் குரங்கு முகம் தெரிகிறது. மறுநாள் காலை வெயில், பயமும் இல்லை. கடைசிப் பகுதியில் மெழுகுவர்த்தித் துண்டு எரிந்து அணைகிறது. தீக்குச்சியும் அணைந்து, முதியவர் இன்னொன்றை உரச நிற்கும் கணத்தில் கதவு தட்டப்படுகிறது.

வீட்டின் பெயர் லபர்னம் வில்லா. அகராதி பார்த்துச் சரக்கொன்றை என்று எழுதிவிடாதீர்கள். ‘இந்திய லபர்னம்’ என்று ஆங்கிலத்தில் நம் கொன்றைக்குப் பெயர் உண்டு, அவ்வளவுதான். அங்குள்ளது வேறு மரம். அதே போன்ற மஞ்சள் சரங்கள், விதை நஞ்சு. அழகுக்குள் நஞ்சு என்று ஒரு வரி எழுதலாம். ஆனால் பெயர் ஒருமுறைதான் வருகிறது. அதன்மேல் கட்டுரையையே கட்டமுடியாது.

கடைசியாக, மூன்றாவது வேண்டுதல். “மகன் மீண்டும் இறக்கவேண்டும் என்று வேண்டினார்” என்பது சிறுகதையில் இல்லாத வாக்கியம். லூயிஸ் என். பார்க்கரின் நாடக வடிவத்தில் அவர் அதை வாய்விட்டுச் சொல்வதால் இந்தக் குழப்பம். சிறுகதையில் வேண்டுதலின் சொற்கள் இல்லை; கதவுக்கு வெளியே நின்றதையும் யாரும் பார்க்கவில்லை. தட்டும் ஓசை நிற்கிறது, எதிரே தெருவிளக்கு ஆளில்லாத சாலையில் மினுங்குகிறது. ஆகவே “ஊகிக்க முடிகிறது” என்று எழுதி, ஊகத்துக்கான ஆதாரத்தையும் கொடுங்கள்: முதல் உரிமையாளனின் மூன்றாவது வேண்டுதல் மரணம் என்று முதல் பகுதியிலேயே மாரிஸ் சொல்லியிருக்கிறார், மகனின் உடலை உடையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன் என்று தந்தையும் சொல்லியிருக்கிறார்.