ஏஐ எழுதிய பக்கத்தை வெளியிடும் முன் எப்படிச் சரிபார்ப்பது?

2023 ஜனவரியில் சிநெட் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பச் செய்தித் தளம், ஏஐ (செயற்கை நுண்ணறிவு) எழுதிய 77 நிதி விளக்கக் கட்டுரைகளைத் திரும்பப் பார்த்து, அவற்றில் 41 கட்டுரைகளுக்குத் திருத்தம் போட்டது. அதில் ஒரு பிழை இது: 10,000 டாலரை 3 சதவீத வட்டியில் போட்டால் ஓராண்டு முடிவில் 10,300 டாலர் சம்பாதிப்பீர்கள் என்று எழுதியிருந்தது. சம்பாதிப்பது 300 டாலர்தான், மீதி நாம் போட்ட பணம். இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கட்டுரைகளை ஒரு எடிட்டர் படித்துச் சரிபார்த்த பிறகே வெளியிட்டதாக அந்தத் தளம் சொல்லியிருந்தது. அதாவது மனிதக் கண் பட்டும் பிழை தாண்டிப் போயிருக்கிறது.

ஏன் தாண்டுகிறது? ஒரு மனிதர் எழுதும்போது தெரியாத இடத்தில் தடுமாறுவார், வாக்கியம் குழம்பும், நமக்குச் சட்டென்று சந்தேகம் வரும். ஏஐ அடுத்து வர வாய்ப்புள்ள சொல் எது என்று கணித்துக் கணித்து எழுதுகிறது, அதனால் சரியான தகவலும் கற்பனைத் தகவலும் ஒரே தெளிவோடு, ஒரே தொனியில் வந்து நிற்கின்றன. மேலிருந்து கீழே ஒருமுறை படித்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்று அனுமதி கொடுத்தால் நீங்கள் நடையை மட்டுமே பார்த்திருக்கிறீர்கள். தகவலைப் பார்க்க வேறு வழியில் போக வேண்டும்.

டிராஃப்டைத் திறப்பதற்கு முன்பே இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஏஐயிடம் என்ன கேட்கப்பட்டது, அதற்கு என்ன ஆவணங்கள் கொடுக்கப்பட்டன. 'தலைப்பு மட்டும் கொடுத்தோம்' என்று பதில் வந்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு தகவலும் ஆதாரம் இல்லாமல் வந்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சரிபார்ப்பதைவிட, சரியான ஆவணங்களைக் கொடுத்துத் திரும்ப எழுத வைப்பது பெரும்பாலும் சீக்கிரம் முடியும். இந்தப் பக்கம் யாருக்காக, எதற்காக என்பதற்கும் ஒரு பதில் வேண்டும். ஏஐ எழுதியது என்பதற்காக மட்டும் கூகுள் எதையும் தள்ளுவதில்லை, ஆனால் தேடலில் மேலே வருவதற்காகப் பயனில்லாத பக்கங்களைக் கட்டுக்கட்டாகப் போடுவதை 2024 மார்ச்சில் தன் ஸ்பேம் விதிகளில் சேர்த்திருக்கிறது.

அப்புறம் முக்கியமான வேலை. டிராஃப்டில் இருக்கும் எண்கள், தேதிகள், பெயர்கள், மேற்கோள்கள், சட்டம் அல்லது விதி பற்றிய வரிகள் எல்லாவற்றுக்கும் நிறம் போடுங்கள். 'முதல்', 'ஒரே', 'மிகப்பெரிய' என்று வரும் இடங்களையும், 'ஆய்வுகள் காட்டுகின்றன', 'நிபுணர்கள் கூறுகின்றனர்' என்று யார் என்று சொல்லாமல் போகும் இடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறம் போட்ட ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆதாரத்தின் லிங்க் அல்லது ஆவணத்தின் பக்க எண் வர வேண்டும், அதை நீங்களே திறந்து பார்க்க வேண்டும். லிங்க் திறக்கிறது என்பது போதாது. அந்தப் பக்கத்தில் அந்த எண் இருக்கிறதா, அதே விஷயத்தைத்தான் அளக்கிறதா, எந்த ஆண்டுக்கான எண், இதெல்லாம் பார்க்க வேண்டும். உண்மையான ஓர் அறிக்கையின் லிங்க்கைக் கொடுத்துவிட்டு அதில் இல்லாத ஒன்றைச் சொல்வது ஏஐ டிராஃப்டுகளில் அடிக்கடி நடக்கிறது, மேலோட்டமாகப் பார்த்தால் இது பிடிபடாது.

பாதி உண்மையாக இருந்தால் மீதியையும் நம்பத் தோன்றும், அங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழோடு வந்த ஓர் இணைப்பில் கோடைக்காலத்தில் படிக்க 15 புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. எழுத்தாளர்கள் எல்லாரும் நிஜம், புத்தகங்களில் ஐந்துதான் நிஜம். பிரபலமான எழுத்தாளரின் பெயரைப் பார்த்ததும், புத்தகம் இருக்கும் என்று யாரும் நினைத்துவிடுவோம். அதனால் ஆள் நிஜமா என்று பார்ப்பதோடு நிற்காமல், அவர் அதைச் செய்தாரா, சொன்னாரா என்று தனியாகப் பாருங்கள்.

இதை அந்த ஏஐயிடமே கேட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த இல்லாத தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தத் தீர்ப்புகள் உண்மைதானா என்று அதனிடமே கேட்டிருந்தார், அதுவும் உண்மைதான் என்று சொல்லியிருந்தது. 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

ஆதாரம் கிடைக்காத வரியை என்ன செய்வது? எடுத்துவிடுங்கள். 'சுமார்' சேர்ப்பது, '62 சதவீதம்' என்பதைப் 'பெரும்பாலானோர்' என்று மாற்றுவது, இதெல்லாம் பொய்யைக் கொஞ்சம் மங்கலாக்குவதுதான். அந்த வரி இல்லாவிட்டால் பத்தியே விழுந்துவிடும் என்றால் பத்தியும் போகட்டும்.

கணக்கு எதுவாக இருந்தாலும் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். மில்லியனும் பில்லியனும் லட்சமாகவோ கோடியாகவோ மாறியிருக்கும் இடங்களில் ஒரு பூஜ்யம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள் (10 லட்சம் ஒரு மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன்). 'தற்போது', 'சமீபத்தில்', 'கடந்த ஆண்டு' என்ற சொற்களையும் தேடிப் பிடியுங்கள். ஏஐயின் 'தற்போது' அதன் பயிற்சித் தரவு (அது கற்றுக்கொண்ட எழுத்துகள்) முடிந்த காலமாக இருக்கலாம். அந்த இடத்தில் ஆண்டையே போட்டுவிட்டால் பிழை தன்னால் வெளியே தெரியும்.

விலை, தள்ளுபடி, பணம் திருப்பித் தருவது, உத்தரவாதம் இவை வரும் பக்கங்களை எழுத்து வேலையாக மட்டும் பார்க்கவே கூடாது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் (தளத்தில் கேள்விகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் நிரல்), உறவினர் இறந்த துக்கத்துக்காகப் பயணம் செய்வோருக்கான சலுகைக் கட்டணம் பற்றி ஒரு பயணிக்குத் தவறாகச் சொன்னது. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்கிற மாதிரி அந்த நிறுவனம் வாதாடிப் பார்த்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்காமல், தளத்தில் வரும் எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு, அது சாதாரணப் பக்கத்தில் இருந்தாலும் சாட்பாட் சொன்னாலும் ஒன்றுதான் என்று தீர்ப்பளித்தது. ஆக, இப்படிப்பட்ட வரிகளை அந்தந்தத் துறையில் முடிவெடுக்கும் ஆளிடம் காட்டி, நடப்பில் உள்ள விதியோடு வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிட்டு ஒப்புதல் வாங்குங்கள். மருத்துவம், சட்டம், முதலீடு சம்பந்தப்பட்டதை அந்தத் துறை தெரிந்தவர் படிக்காமல் வெளியிடாதீர்கள், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் சரி.

எழுதியதில் உள்ள தவறைக் கண்டுபிடிப்பதைவிட, எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிப்பது கடினம். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, டிராஃப்டைப் படிக்கும் முன்பே, இந்தப் பக்கத்துக்கு வருகிறவர் என்னென்ன கேள்விகளோடு வருவார் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது. படித்த பிறகு எழுதினால் டிராஃப்டில் இருக்கும் கேள்விகளே மனதில் வரும். யாருக்கு இது பொருந்தாது, எப்போது செய்யக் கூடாது, முடியாவிட்டால் அடுத்து என்ன என்பது மாதிரியான வரிகள்தான் பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு நடைக்கு வாருங்கள், வாய்விட்டுப் படியுங்கள். 'இன்றைய வேகமான உலகில்' என்று தொடங்கும் முதல் பத்தியை வெட்டினால் பெரும்பாலும் எதுவும் குறையாது, முடிவில் சொன்னதையே திரும்பச் சொல்லும் பத்தியும் அப்படித்தான். தமிழ் டிராஃப்டில் ஒற்றுப் பிழை, பாதியில் 'நீங்கள்' 'நீ' ஆவது, ஆங்கில வாக்கியத்தை அப்படியே திருப்பிப் போட்ட அமைப்பு, இவற்றைப் பாருங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்: 'நாங்கள் பயன்படுத்திப் பார்த்ததில்', 'எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார்' என்று ஏஐ எழுதியிருந்தால், அப்படி ஒருவர் நிஜமாக இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது வாசகரை ஏமாற்றுவது.

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவியில் போட்டுப் பார்த்து முடிவெடுப்பது வேண்டாம். ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் குறைவு என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. தவிர, யார் எழுதியது என்பது தெரிந்தாலும் தகவல் சரியா என்பது தெரியாது.

கட்டுரைக்கு வெளியே இருப்பதையும் ஒருமுறை பாருங்கள். தேடலில் தெரியும் தலைப்பும் விளக்கமும் உள்ளே இருப்பதோடு பொருந்துகிறதா, படத்துக்கான ஆல்ட் டெக்ஸ்ட் (படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கான எழுத்து விளக்கம்) அந்தப் படத்தைத்தான் சொல்கிறதா, 'இதோ நீங்கள் கேட்ட கட்டுரை' போன்ற மிச்சங்கள், நிரப்பாமல் விட்ட சதுர அடைப்புக்குறிகள், லிங்க்கின் கடைசியில் சாட்ஜிபிடி என்று ஒட்டிக்கொண்டு வரும் வால், இவை எங்காவது இருக்கின்றனவா என்று பாருங்கள். போனில் பிரிவியூ பார்த்தால் இவற்றில் பலதும் கண்ணில் படும்.

அனுமதி கொடுக்கும் ஆள் ஒருவராக, பெயரோடு இருக்க வேண்டும். 'டீம் பார்த்தது' என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். ஏஐயிடம் எழுதி வாங்கியவரே அனுமதி கொடுப்பவராகவும் இருக்க வேண்டாம், தான் கேட்டது கிடைத்த திருப்தியில் கண் தளர்ந்துவிடும். உங்கள் தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் நடக்கிறது என்றால் எழுதுபவருக்குக் காண்ட்ரிபியூட்டர் பொறுப்பு மட்டும் கொடுங்கள். அவரால் வெளியிட முடியாது, சரிபார்ப்புக்கு அனுப்பத்தான் முடியும். சரிபார்க்க முடிகிற அளவுக்குத்தான் பக்கங்கள் வெளியே போக வேண்டும், ஏஐ எழுதித் தள்ளும் வேகத்துக்கு அல்ல. அனுமதி கொடுத்த பிறகு யாராவது 'கொஞ்சம் பாலிஷ்' என்று மறுபடி ஏஐயில் போட்டால் பழைய அனுமதி செல்லாது, ஏனென்றால் பாலிஷ் செய்யும்போது எண்ணும் பொருளும் மாறக்கூடும்.

யார், எந்தத் தேதியில், எந்த ஆதாரங்களை வைத்துப் பார்த்தார் என்று நாலு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், பொது நலன் சார்ந்த விஷயங்களில் ஏஐ எழுதியதை அப்படி எழுதியதென்று வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறது. மனிதர் சரிபார்த்து, வெளியீட்டுப் பொறுப்பை ஒருவர் ஏற்றிருந்தால் அதற்கு விலக்கு உண்டு. அங்குள்ள வாசகர்களுக்கு எழுதுபவர்களுக்கு இந்தக் குறிப்பு நாளை கைகொடுக்கும்.

வெளியிட்ட பிறகு பிழை தெரிய வந்தால், திருத்திவிட்டு என்ன திருத்தினோம் என்று தேதியோடு பக்கத்திலேயே சொல்லுங்கள். அதே கேள்வியையும் அதே ஆவணத்தையும் வைத்து எழுதிய மற்ற பக்கங்களையும் அன்றே திறந்து பாருங்கள், அங்கும் அதே பிழை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.