காலி மனையில் தொடங்கி பிச்சாவரம் வரை: காட்டைப் பார்க்கப் பழகுவது எப்படி?

சிதம்பரம் பக்கத்திலுள்ள பிச்சாவரம் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பாதிப்பேர் "மரம், தண்ணி, போட்டிங்" என்று முடித்துவிடுவார்கள். கண் பழகாவிட்டால் சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் (மாங்குரோவ்) காடும் வெறும் பச்சைச் சுவர்தான். அதனால் முதல் பாடத்தைத் தெருமுனைக் காலி மனையில் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் விதைக்காமல், நீர் ஊற்றாமல் தானாக முளைத்துக் கிடக்கும் இடம் எதுவும் இதற்குப் போதும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து இரண்டு வாரம் கழித்துப் போவது நல்லது. மூடிய செருப்பு போடுங்கள். பாம்பு இருக்கலாம், கம்பால் தட்டிவிட்டு நுழையுங்கள். நாலேகால் மீட்டர் கயிறும் நான்கு குச்சியும் கொண்டு ஒரு மீட்டர் சதுரம் கட்டுங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி, உங்கள் நிழல் சதுரத்துக்குள் படாமல் உட்காருங்கள். இருபது நிமிடம் அசையக்கூடாது. முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. உங்கள் காலடி அதிர்வில் எல்லாம் ஒடுங்கியிருக்கும்; அதற்குள் பலரும் எழுந்துவிடுகிறார்கள்.

மனையில் எருக்கு இருந்தால் அதிர்ஷ்டம். இலைகளின் அடிப்பக்கம் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளை முட்டை ஒற்றையாக ஒட்டியிருந்தால், அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சி இட்டதாக இருக்கலாம். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளுடன் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு நீட்டிய அதன் புழுவும் பக்கத்திலேயே இருக்கலாம். இலையைக் கிள்ளிப் பார்க்காதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

நோட்டில் தேதி, நேரம், கடைசியாக மழை பெய்த நாள், எது எதைத் தின்றது என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் வரையுங்கள். செல்போன் செயலியில் பெயர் தேடுவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை. கடைகளைத் தாண்டி, அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடித்து வைத்திருக்கும் பக்கம் நடங்கள். எந்த வளையின் வாய்ப்பக்கம் ஈர மணல் புதிதாக வாரி இறைத்திருக்கிறதோ, அதில் நண்டு இருக்கிறது. மூன்று மீட்டர் தள்ளி உட்காருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் ஆமை முட்டையிட ஏறும். டார்ச், ஃபிளாஷ் வேண்டாம், வெளிச்சம் கண்டால் திரும்பிவிடும்.

புதுச்சேரிக்காரர்கள் மரக்காணம் சாலையில் புதுப்பட்டு ஐயனார் கோயில் காட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலோர வறண்ட பசுமைமாறாக் காட்டில் மிஞ்சியது கொஞ்சம்தான்; அதில் இதுவும் ஒன்று.

பிச்சாவரம் கடைசியில். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம். மோட்டார் படகு குறுகிய வாய்க்கால்களுக்குள் போகாது, சத்தமும் பறவைகளை விரட்டிவிடும். துடுப்புப் படகே எடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் வற்றும்; வற்றும் நேரத்தைப் படகுத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்க்காலுக்குள் போனதும் துடுப்பைப் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள் படகோட்டும் அண்ணனிடம். சேற்றில் ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டும் நண்டு வெளியே வரும். வளைந்த கால்கள்போல் வேர் ஊன்றி நிற்பது சுரபுன்னை. சேற்றிலிருந்து பென்சில்போல வேர் மேலே குத்திட்டு நின்றால் வெண்கண்டல். வெண்கண்டல் இலையை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். மழை பெய்த மறுநாள் கரிக்காது, கழுவிப் போயிருக்கும். எந்த மரம் என்று படகுக்காரர் உறுதியாகச் சொன்ன பிறகே வாயில் வையுங்கள், ஏனென்றால் தில்லை மரமும் அங்கேதான் நிற்கிறது. அதன் பால் எருக்கம்பாலைவிடப் பொல்லாதது.