பழைய கருவியும் புதிய கருவியும் ஒரே வைஃபையில்: நேரத்தைப் பங்கிடுவது எப்படி?

புது லேப்டாப் வாங்கியும் வைஃபை வேகம் கூடவில்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "அதே ரவுட்டரில் வேறு என்னென்ன ஓடுகிறது?" பெரும்பாலும் ஒரு பழைய பிரின்டரோ டேப்லெட்டோ பதிலில் வந்துவிடும்.

ஒரு வைஃபை சேனல் என்பது ஒரே மைக் உள்ள மேடை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். 1500 பைட் பாக்கெட் (டேட்டாவின் ஒரு துண்டு) ஒன்றை 54 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்பச் சுமார் 0.22 மில்லிசெகண்ட் ஆகும். அதையே 1 எம்பிபிஎஸ்ஸில் அனுப்பினால் 12 மில்லிசெகண்ட். பழைய கருவி இழுக்கும் டேட்டா கொஞ்சம்தான். மைக்கை விடாமல் பிடித்திருப்பதுதான் சிக்கல். (வைஃபை 6 பலரை ஒரே நேரத்தில் பேச வைக்கும். ஆனால் பழைய கருவிகளுக்கு அந்த வித்தை தெரியாது.)

1. கணக்கெடுங்கள்

பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்து ரவுட்டருக்குள் நுழையுங்கள். சரியான முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பார்த்து, எது எந்தத் தலைமுறை என்று குறித்துக்கொள்ளுங்கள். வைஃபை தலைமுறைகளுக்கு 802.11 என்ற எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்துப் பெயர் வைப்பார்கள்: 802.11பி (1999) அதிகபட்சம் 11 எம்பிபிஎஸ், ஜி (2003) 54. அதன்பின் வந்த என், ஏசி, ஏஎக்ஸ் ஆகியவைதான் வைஃபை 4, 5, 6.

2. இரண்டு பெயர் வையுங்கள்

என்னைக் கேட்டால், பாதி வேலை இந்தப் படியிலேயே முடிந்துவிடும். ரவுட்டரின் இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் வைக்கும் 'ஸ்மார்ட் கனெக்ட்' போன்ற வசதியை அணைத்துவிட்டு, 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயர், 5 கிகாஹெர்ட்ஸுக்கு இன்னொரு பெயர் கொடுங்கள். பழையவை 2.4-இல் இருக்கட்டும், புதியவற்றை 5-க்கு மாற்றுங்கள். மாற்றிய கையோடு புதிய கருவிகளில் 2.4-இன் பெயரை 'ஃபர்கெட்' செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே போய்விடும்.

ஒரு எச்சரிக்கை: 5 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டத் திணறும். இரண்டு சுவருக்கு அப்பால் ஒற்றைக் கோடு சிக்னலில் இருக்கும் புது போனும் மெதுவாகத்தான் பேசும். அப்போது அதுவும் ஒரு 'பழைய கருவி'தான். அதை 2.4-இலேயே விடுங்கள்.

பிரின்டரை கெஸ்ட் நெட்வொர்க்கில் (விருந்தினருக்கான தனி வைஃபை) போட வேண்டாம். அங்கிருந்து மற்ற கருவிகளைத் தொடர்புகொள்ள ரவுட்டர் பெரும்பாலும் விடாது.

3. 2.4-ஐச் சீர்செய்யுங்கள்

சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். சேனல் 1, 6, 11-இல் நெரிசல் குறைந்த ஒன்று. அவ்வளவுதான்.

4. பாதுகாப்பு முறையைப் பாருங்கள்

பலர் கவனிக்காத இடம் இது. 'டிகேஐபி' என்ற பழைய குறியாக்கத்தில் இணைந்தால், 802.11என் கருவிகூட 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2, குறியாக்கத்தை ஏஇஎஸ் என்று வையுங்கள். அதைவிடப் புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழையவை பல இணையவே மாட்டா. அதை 5-இன் பெயருக்கு வைத்துக்கொள்ளலாம்.

5. 'பி' முறையை அணைக்கலாமா?

பட்டியலில் பி கருவி ஒன்றுகூட இல்லையென்றால் தாராளமாக அணையுங்கள். அப்படி ஒன்று இணைந்திருந்தால், மற்றவை வேகமான பாக்கெட்டை அனுப்புமுன் அதற்கும் புரியும் மெதுவான வேகத்தில் "நான் பேசப்போகிறேன்" என்று அறிவிக்க வேண்டியிருக்கும். அந்த அறிவிப்பே நேரத்தைத் தின்னும்.

6. ஏர்டைம் ஃபேர்னஸ்

உங்கள் ரவுட்டரில் இது இருந்தால் 'ஆன்' செய்து பாருங்கள். ஆளுக்கு ஒரு பாக்கெட் என்பதற்குப் பதில், ஆளுக்குச் சம நேரம் என்று ரவுட்டர் பங்கிடும். பழைய கருவி அடிக்கடி துண்டிக்கப்பட்டால் 2.4-இல் மட்டும் அணைத்துவிடுங்கள். ரவுட்டரில் உள்ள 'கியூஓஎஸ்' என்ற முன்னுரிமை வசதி இதற்கு மாற்றல்ல. அது பெரும்பாலும் இன்டர்நெட் லைனில் யாருக்கு முன்னுரிமை என்பதைத்தான் பார்க்கும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், பழைய கருவியில் ஒரு டவுன்லோடை ஓடவிட்டுப் புதியதில் வேகத்தை அளந்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது. அந்தப் பழைய பிரின்டரில் லேன் போர்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஒரு கேபிளைச் சொருகிவிட்டு, அதன் வைஃபையை அணைத்துவிடலாம்.