பேஸ்போல் ட்ரேட்ட நிறுத்துப் பாக்கிறது எப்பிடி: பேர விட்டுட்டு வருசத்த எண்ணுங்க

டொரன்டோவில மெட்ச் பின்னேரம் 7:07க்குத் தொடங்கினா நமக்கு விடிய 4:37. அந்த நேரத்துக்கு எழும்பி இருந்து பாக்கிற பொடியனுகள் மட்டக்களப்புலயும் இரிக்கானுகள், காரைதீவு அக்கரைப்பற்றுப் பக்கமும் இரிக்கானுகள், டொரன்டோவில ஒரு மாமாட மகனோ பெரியம்மாட மகனோ இரிப்பான், டொரன்டோ டீம் புளூ ஜேஸ்ல ஆசை அவன்கிட்ட இருந்துதான் இங்க வந்த. விளையாட்டு விளங்கிறது கஸ்டமில்ல, எல்லே அடிச்ச கைக்கு பேட்டும் பந்தும் புதுசா என்ன. ட்ரேட், அதாவது டீமுகள் ப்ளேயர ஆளுக்காள் மாத்துறது, அதுதான் பிடிபடுதில்ல. "அந்தப் பெரிய பிட்சர் வாறானாம் மச்சான், மைனர்ல இரிக்கிற மூணு பொடியனத்தான் கேக்கிறாங்களாம், குடுப்பமா?" எண்டு ஒரு வொய்ஸ் வந்தா உடனே எல்லாரும் பேரக் கேட்டுட்டு ஓம் எண்டுறாங்க (பிட்சர் எண்டா பந்து போடுறவன், மைனர் எண்டா மேஜர் லீக்குக்குக் கீழ பொடியனுகள் பழகிற லீக்). பேர வச்சு நிறுத்தா எப்பவும் தெரிஞ்ச பேர்தான் பாரமா இரிக்கும். நான் எப்பிடிப் பாக்கிற எண்டு எழுதுறன், நீங்களும் செஞ்சு பாருங்க.

கொப்பித் தாள் ஒண்ட எடுத்து நடுவால கோடு போட்டு, வாறவன் ஒரு பக்கம் போறவன் மத்தப் பக்கம் எண்டு எழுதுங்க. ஒவ்வொருத்தனுக்கும் நேர வயசு, விளையாடுற இடம், இந்த வருசச் சம்பளம், ஃப்ரீ ஏஜென்ட் (எந்த டீமுக்கும் போகலாம் எண்டு விடுபட்டவன்) ஆக இன்னும் எத்தின வருசம் எண்டு நாலையும் போடுங்க. கடைசியா சொன்னதுதான் இதுல உசிர். மேஜர் லீக்குல ஒருத்தன் ஆறு வருச சேர்விஸ் முடிக்கும் வரைக்கும் டீமுக்கிட்டதான் இரிப்பான், 172 நாள் இருந்தா ஒரு வருசம் எண்டு கணக்கு. மொதல் மூணு வருசம் கிட்டத்தட்ட மினிமம் சம்பளம்தான், 2026ல அது 7 லட்சத்து 80 ஆயிரம் டொலர், அதுக்குப் புறகு ஆர்பிட்ரேசன் (சம்பளத்துல டீமும் ப்ளேயரும் ஒத்துவராட்டி நடுவர் தீர்க்கிறது) வருசங்கள், சம்பளம் ஏறும் ஆனா வெளி மார்க்கட் விலைக்குப் போகாது (கொஞ்சப் பேருக்கு மூணு வருசம் முடிய முந்தியே ஆர்பிட்ரேசன் தொடங்கும், அது சின்ன வித்தியாசம்). அப்ப இன்னும் டெபியூ ஆகாத பொடியன் ஒருத்தனக் குடுக்கிற எண்டா ஆறு மலிவு வருசத்தக் குடுக்கிற எண்டுதான் அர்த்தம். இந்த சீசனோட கான்ட்ராக்ட் முடியிறவன் படுவான்கரையில ஒரு போகத்துக்கு குத்தகைக்கு எடுத்த வயல் மாதிரி, வெள்ளாமைய வெட்டி ஏத்தினா சரி, அடுத்த போகம் அது நம்மட இல்ல. குத்தகை கூடாது எண்டு சொல்ல வரல்ல, ஆனா குத்தகைக்கு உறுதி எழுதுற விலை குடுக்க ஏலா.

வருசம் எவ்வளவு விலை பிடிக்கும் எண்டதுக்கு பேட்டர் ஹுவான் சோட்டோட ரெண்டு ட்ரேட்டப் பாருங்க, ஒரே ஆள். 2022 ஆகஸ்ட்ல வொஷிங்டன் அவனயும் ஜோஷ் பெல்லயும் சான் டியாகோவுக்குக் குடுத்தப்ப சோட்டோக்கு வயசு 23, கையில ரெண்டரை சீசன் இருந்த. அதுக்கு வந்த ஆக்கள் சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கன்சி கோர், ஜேம்ஸ் வுட், ராபர்ட் ஹாசல், ஹார்லின் சுசானா, கூட லூக் வோய்ட். 2023 டிசம்பர்ல சான் டியாகோ அதே சோட்டோவ யாங்கீஸுக்கு வித்தப்ப மிச்சம் ஒரே ஒரு சீசன், அதும் ஆர்பிட்ரேசன்ல 31 மில்லியனுக்குப் போன சம்பளம். இந்தத் தரம் கிடைச்சது மைக்கல் கிங், ட்ரூ தோர்ப், இன்னும் ரெண்டு பிட்சர், ஒரு கெச்சர், அதுக்கும் ட்ரென்ட் க்ரிஷமயும் சேத்துக் குடுக்க வேண்டி வந்த. கிங் நல்லா போட்டான், அத மறுக்கல்ல, ஆனா ரெண்டு குவியலையும் பக்கத்துல வச்சுப் பாத்தா எது பெருசு எண்டு தெரியும். ஆள் மாறல்ல, வருசம்தான் கொறஞ்ச.

தெரிஞ்ச ப்ளேயர நிறுக்கக்குள்ள பரிசுகள எண்ணாதீங்க. கடைசி மூணு வருசத்தப் பாருங்க, அதுலயும் கடைசி வருசத்துக்குக் கூடப் பாரம் குடுங்க, முப்பது தாண்டினவன் எண்டா கொஞ்சம் கழிச்சுப் போடுங்க. பிட்சர் எண்டா வெற்றி தோல்விய விட்டுட்டு எத்தின இன்னிங்ஸ் போட்டான், எத்தின பேர ஸ்ட்ரைக்அவுட் எடுத்தான், எத்தின வோக் குடுத்தான் எண்டு பாருங்க. ஆர்.ஏ. டிக்கிய புளூ ஜேஸ் எடுத்தது 2012 டிசம்பர்ல, அந்த வருசம் அவன் 20 வெற்றி, நேசனல் லீக் சை யங் பரிசு (வருசத்துச் சிறந்த பிட்சருக்குக் குடுக்கிறது), வயசு 38. அவனுக்காக மெட்ஸுக்குப் போனவங்கள்ல நோவா சின்டர்கார்டும் ட்ராவிஸ் டார்னோவும் இருந்தாங்க. அடுத்த வருசம் டிக்கிட இஆர்ஏ (ஒம்பது இன்னிங்ஸுக்குச் சராசரியா விட்ட ரன், கொறஞ்சா நல்லம்) 4.21. சின்டர்கார்ட் 2015 வேர்ல்ட் சீரிஸ்ல (சம்பியன் ஆரெண்டு தீர்க்கிற கடைசித் தொடர்) மெட்ஸுக்கு மூணாவது மெட்ச் வெண்டு குடுத்தான். டிக்கி ஒண்டும் மோசமில்ல, வருசா வருசம் இன்னிங்ஸ் போட்டுக் குடுத்தான், ஆனா குடுத்த விலை சை யங் பரிசுக்குக் குடுத்த விலை.

இனி ப்ராஸ்பெக்ட், அதாவது மைனர்ல இரிக்கிற நம்பிக்கைப் பொடியனுகள். இதுலதான் ரெண்டு பக்கமும் பிழைக்கிறாங்க, ஒருத்தன் "பேர் தெரியாத பொடியன்தானே" எண்டுவான், மத்தவன் டொப் 100 லிஸ்ட்ல கண்ட உடனே ஹோல் ஒஃப் ஃபேமுக்கே அனுப்பிருவான். ஸ்கௌட்மார் (பொடியனுகளத் தேடிப் பாக்கிறவங்க) 20ல இருந்து 80 வரைக்கும் புள்ளி போடுவாங்க, 50 எண்டா மேஜர் லீக் சராசரி. அந்தப் புள்ளிக்கு முந்தி நான் பாக்கிறது வயசையும் லெவலையும் சேத்து, 20 வயசுல டபுள்-ஏல (மேஜர் லீக்குக்கு ரெண்டு படி கீழ) அடிக்கிறவனும் 25 வயசுல அதே டபுள்-ஏல அடிக்கிறவனும் ஒண்டில்ல. பேட்டர் எண்டா ஸ்ட்ரைக்அவுட் எவ்வளவு, டபுள்-ஏ போன புறகு அது கூடுதா எண்டு பாருங்க, அங்கதான் நல்ல ப்ரேக்கிங் பந்து போடுறவங்களக் காணத் தொடங்குவான். ஷோர்ட்ஸ்டொப், சென்டர் ஃபீல்ட், கெச்சர் விளையாடுறவன் அடி கொஞ்சம் கொறஞ்சாலும் பிழைச்சுப் போவான், ஃபர்ஸ்ட் பேஸ் மட்டும் தெரிஞ்சவன் அடிச்சே ஆகணும். சின்னப் பிட்சர் எண்டா முழங்கை எப்பவும் பயம்தான், இன்னும் கொஞ்சம் கழிங்க. அதுக்குப் புறகு அவன்ட பேருக்குக் கீழ மூணு வரி எழுதுங்க, நினைச்ச மாதிரி வந்தா என்ன, பாதி வந்தா என்ன, வராமலே போனா என்ன எண்டு. மொதல் வரிய மட்டும் எழுதுறவன் எப்பவும் ட்ரேட் வேணாம் எண்டுவான்.

ஆஸ்டின் மார்ட்டின் 2020 ட்ராஃப்ட்ல (டீமுகள் புதுப் பொடியனுகள வரிசையா எடுக்கிறது) அஞ்சாவதாப் போனவன். அவனயும் சிமியன் வுட்ஸ் ரிச்சர்ட்சனயும் 2021 ஜூலைல மினசோட்டாவுக்குக் குடுத்து டொரன்டோ பிட்சர் ஹோசே பெரியோஸ எடுத்தப்ப எத்தின பேருக்குக் கோவம். ரெண்டு பேரும் பிறகு மேஜர் லீக் வந்தாங்க, வுட்ஸ் ரிச்சர்ட்சன் ரொட்டேசன்லயும் நிண்டான், ஆனா எதிர்பாத்த பெரிய ஸ்டார் ரெண்டு பேர்லயும் இல்ல. பெரியோஸ டொரன்டோ அந்த நவம்பர்லயே ஏழு வருசத்துக்குக் கையெழுத்து வச்சு நிப்பாட்டிட்டு. நாலு சுமாரான பொடியனக் கூட்டினா ஒரு ஸ்டாருக்குச் சமம் எண்டு கூட்டல் கணக்கும் போடாதீங்க, லைன்அப்புல ஒம்பது இடம்தான்.

உங்கட டீம் இப்ப எங்க நிக்குது எண்டும் கேளுங்க. 2015 ஜூலை கடைசில டேவிட் ப்ரைஸ எடுக்க டொரன்டோ மூணு இடக்கைப் பிட்சரக் குடுத்த, அதுல டேனியல் நோரிஸும் மெட் பொய்டும் இருந்தாங்க. சுத்தக் குத்தகை, ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசத்துல ப்ரைஸ் 9-1, இஆர்ஏ 2.30, டிவிசன் வெண்டு 1993க்குப் புறகு மொதல் தரம் ப்ளேஓஃப். அவன் பிறகு பொஸ்டனுக்குப் போயிட்டான், போகட்டும், இருபத்திரெண்டு வருசம் காத்திருந்த ஊருக்கு அந்த விலை சரிதான். அதே ட்ரேட்ட கடைசி இடத்துல கிடக்கிற டீம் செஞ்சிருந்தா நான் பிழை எண்டுதான் சொல்லுவன்.

2025 ஜூலை 31 ஷேன் பீபர் ட்ரேட்ட இப்பிடி முழுசா நிறுத்துப் பாருங்க. போனவன் கால் ஸ்டீபன், 2024ல ரெண்டாவது ரவுண்டுல எடுத்த பிட்சர், டபுள்-ஏ வரைக்கும் வந்தவன், ஆறு வருசமும் மிச்சம். வந்தவன் 2020 சை யங், ஆனா 2024 ஏப்ரல்ல முழங்கை ஒப்பரேசன் செஞ்சு அந்த நாள் வரைக்கும் மேஜர் லீக்குக்குத் திரும்பல்ல, கையில மிச்ச சீசனும் 2026க்கு 16 மில்லியன் ப்ளேயர் ஒப்ஷனும். இந்த ஒப்ஷனக் கவனமாப் பாக்கணும், முடிவு எடுக்கிறது ப்ளேயர், அதால நல்லாப் போட்டா விட்டுட்டுப் போகலாம், கை வலிச்சா நிண்டு 16 மில்லியன எடுக்கலாம், ரெண்டு பக்கமும் ரிஸ்க் டீமுக்கு. அதாலதான் சை யங் எடுத்தவன் ஒரே ஒரு ப்ராஸ்பெக்டுக்குக் கிடைச்ச. அந்த வருச வேர்ல்ட் சீரிஸ்ல டொட்ஜர்ஸுக்கு எதிரா ஏழாவது மெட்ச் பதினொராவது இன்னிங்ஸ்ல வில் ஸ்மித்துக்கு ஹோம் ரன் குடுத்தத வச்சு ட்ரேட் பிழை எண்டு கத்தினாங்க, எனக்கு அது பிடிக்கல்ல, நாலாவது மெட்ச்ல ஒட்டானிக்கு எதிரா நிண்டு வெண்டவனும் அவன்தானே. ட்ரேட் நடந்த அண்டைக்கு என்ன தெரியுமோ அத வச்சு ஒரு தரம் மார்க் போடுங்க, நடந்து முடிஞ்சத வச்சு வேற தாள்ல போடுங்க, ரெண்டையும் கலக்காதீங்க.

40 பேர் ரோஸ்டர்ல இடம் இரிக்கா எண்டும் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்க, அந்த ரோஸ்டர்ல இரிக்க வேண்டிய ஆக்கள் மூணு பேர் வந்தா மூணு இடம் வேணும், மைனர்ல மட்டும் இரிக்கிற பொடியனுக்கு அது தேவையில்ல. ட்ரேட் செய்யிற கடைசி நேரம், டெட்லைன், அங்க பின்னேரம் 6 மணி எண்டா நமக்கு விடிய மூண்டரை, அந்த நேரம் வாற செய்தி பாதிதான் இரிக்கும், "பேர் பிறகு சொல்லப்படும்" எண்டு ஒருத்தன் இருந்தா தாள மூடாதீங்க. 2018ல பிட்ஸ்பர்க் க்ரிஸ் ஆர்ச்சருக்காக டைலர் க்ளாஸ்நோவயும் ஆஸ்டின் மெடோஸயும் குடுத்த அண்டைக்கு மூணாவது ஆள்ட பேர் வரல்ல, ரெண்டு கிழமை கழிச்சு வந்த பேர் ஷேன் பாஸ், அவங்கட முந்தின வருச முதல் ரவுண்ட் ஆள்.