மேய்ச்சல் நிலத்தை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையைச் சுற்றியுள்ள கரடுகளின் அடிவாரத்திலும் மந்தைப் புறம்போக்குகளிலும் கோடையில் புல் காய்ந்து செம்மண் தெரியும்போது, அதை வெறுந்தரிசு என்று எண்ணி மரக்கன்று நடுவதே முதல் தவறு. மற்ற தவறுகள் பலவற்றுக்கும் வேர் அதுதான். ஐப்பசி மழைக்குப் பிறகு அதே இடத்தில் குனிந்து பார்த்தால், கொழுக்கட்டைப்புல் தூர்களுக்கிடையே விஷ்ணுகிரந்தியின் சிறு நீலப் பூவும் தும்பையும் கொழிஞ்சியும் முழங்கால் உயரத்துக்குள்ளேயே பூத்துக் கிடக்கும். கௌதாரியும் ஆள்காட்டியும் தரையில்தான் முட்டையிடுகின்றன. மரநிழல் அடர்ந்தால் வெயில் தேடும் இந்தப் புல்லும் பூவும் ஒடுங்கிவிடும்.

சீமைக்கருவேலத்தை அகற்றும் வேலையில்தான் உழைப்பு மிகுதியாக வீணாகிறது. தரைமட்டத்தில் வெட்டிவிட்டுப் போனால், மண்ணுக்குச் சற்றுக் கீழேயுள்ள தூரிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகக் கிளைகள் வெடிக்கும். ஆகவே தூரைச் சுற்றித் தோண்டி, மொட்டு விடும் அந்தப் பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதற்காகப் பொக்லைன் இயந்திரத்தை விட்டு நிலம் முழுவதையும் ஒரே மூச்சில் புரட்டினால், மேல்மண்ணில் உறங்கும் புல் விதைகள் புதைந்து, பார்த்தீனியக் களை முந்திக்கொள்ளும். துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் புல் பிடித்தபின் அடுத்ததற்குப் போவதே நல்லது. விதையையும் கடையில் வாங்காமல், பக்கத்துக் கரட்டில் தை, மாசியில் உருவிச் சேர்த்து, அடுத்த புரட்டாசிக் கடைசியில் தூவலாம்.

ஊராரைக் குழி தோண்டும் நாளில் மட்டும் அழைப்பது இன்னொரு பெரும் தவறு. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியில், டங்ஸ்டன் சுரங்கத் திட்டம் வந்தபோது அதை எதிர்த்து முன்னின்றவர்கள் சுற்றுவட்டார ஊர் மக்களே. 2025 ஜனவரியில் அந்தச் சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானது. அப்படிப்பட்ட மக்களைக் கேட்காமல் வேலி போட்டு, புலிக்குளம் இன மாட்டுக் கிடைகளையும் ஆடுகளையும் விரட்டுவது நியாயமும் அன்று, நிலத்துக்கு நல்லதும் அன்று. அளவான மேய்ச்சல் இல்லாத இடத்தில் உயர்ந்த புல் மண்டிச் சிறு பூச்செடிகளை அமுக்கிவிடும். விதைத்த துண்டை மட்டும் ஓரிரு மழைக்காலம் விட்டுவைக்குமாறு, கிடை மேய்க்கும் கீதாரிகளோடு பேசி முடிவெடுக்கலாம். சீமைக்கருவேல நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில் அதன் விதை முளைக்கும் என்பதால், நெற்றுதிரும் காலத்தில் கிடையை எங்கே போடுவது என்பதையும் அவர்களோடு சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும்.

விறகுக்குச் சீமைக்கருவேலத்தையே நம்பியிருக்கும் பெண்களுக்கு வெட்டிய கட்டையில் பங்கு ஒதுக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

முதல் மழையில் தலைகாட்டும் சீமைக்கருவேல நாற்றை இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம்; இரண்டு ஆண்டு விட்டால் கடப்பாரை வேண்டும். அந்த நாற்றை முதலில் பார்க்கப்போகிறவர் அங்கே தினமும் நடக்கும் மேய்ப்பர்தான்.